கேட் ஆப் இருக்கட்டும், டாங்க்கில் எவ்வளவு தண்ணீர்?

மும்பையில் அடுக்குமாடிக் குடியிருப்பை நடத்தும் சங்கத்துக்கு சொசைட்டி என்று பெயர். சொசைட்டிக்கு டெக்னாலஜி விற்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்டில்தான் ஆரம்பிப்பார்கள். வாசலில் ஒரு டேப்லெட், வருகிற ஆளுக்கு ஒரு போட்டோ, வீட்டுக்காரர் போனில் ஒரு சத்தம், விடலாமா வேண்டாமா என்று ஒரு பொத்தான். ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டுவார்கள். கமிட்டியில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். நான் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன்: எங்கள் கீழ் டாங்க்கில் இந்த நிமிஷம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று இது சொல்லுமா? "அது அடுத்த வெர்ஷன்ல வருது மேடம்" என்பார்கள். இன்னும் வந்தபாடில்லை.

எங்கள் கட்டடம் மும்பை செம்பூரில். எண்பதுகளின் தொடக்கத்தில் கட்டியது. இரண்டு விங், ஆறு மாடி, மாடிக்கு நாலு வீடு, ஆக 48. நான் இந்த சொசைட்டியின் ட்ரெஷரர். ரிடையரான அக்கவுண்ட்ஸ் ஆள் என்று தெரிந்துவிட்டால் மும்பையில் எந்த சொசைட்டியும் உங்களைச் சும்மா விடாது. பழைய ட்ரெஷரர் மகனோடு புனேவுக்குப் போனதும் சாவிக்கொத்து என் கைக்கு வந்தது. கூடவே ஒரு இரும்பு அலமாரியும், அதற்குள் மராட்டி, இங்கிலீஷ், குஜராத்தி மூன்று கையெழுத்திலும் எழுதிய ரிஜிஸ்டர்களும்.

சென்னையிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஃப்ளாட் வாங்கினால் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு உங்கள் பெயரில் பத்திரமாகும். அசோசியேஷன் என்பது பராமரிப்புக்காக. மும்பையில் பெரும்பாலும் அப்படி இல்லை. நிலமும் கட்டடமும் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். நீங்கள் அதன் உறுப்பினர், கையில் ஒரு ஷேர் சர்டிஃபிகேட். இந்த ஏற்பாடு 1915-ல் காம்தேவியில் சரஸ்வத் சமூகத்தார் ஆரம்பித்த சொசைட்டியிலிருந்து வருகிறது. இன்றைக்கு 1960-ம் வருஷத்து மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் ஒரு லட்சத்துக்கும் மேல் இப்படிப்பட்ட சொசைட்டிகள் இருக்கின்றன. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டுறவு என்றால் உள்ளே இருக்கிறவர்கள் யாரும் கஸ்டமர் இல்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற உரிமையைச் சட்டமே உறுப்பினருக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் அலமாரியில், சாவி செக்ரட்டரி வீட்டில், செக்ரட்டரி ஊரில் இல்லை என்றால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? டேட்டா, டெக்னாலஜி என்று பேசும்போதெல்லாம் நான் இந்த ஒரு அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறேன். அது எல்லா உறுப்பினருக்கும் கண்ணைத் திறக்கிறதா, இல்லை கமிட்டிக்கு மட்டும் இன்னொரு பூட்டு கொடுக்கிறதா?

பில்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சண்டை எல்லாம் அங்கேதான் தொடங்கும்.

வெளியாள் நினைப்பதுபோல மெயின்டனன்ஸ் என்பது ஒரே தொகை இல்லை. பைலா என்பது சங்கத்தின் விதித்தொகுப்பு. மாதிரி பைலாப்படி ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பங்கீட்டு முறை. வாட்ச்மேன் சம்பளம், பொது விளக்கு, ஆபீஸ் செலவு எல்லாம் சேர்ந்த சர்வீஸ் சார்ஜ் எல்லா வீட்டுக்கும் சமம். பெரிய வீடு சின்ன வீடு வித்தியாசம் இல்லை. லிஃப்ட் செலவும் சமம். முதல் மாடிக்காரர் "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை" என்று எவ்வளவு கத்தினாலும் சமம்தான். தண்ணீருக்கு மட்டும் வீட்டில் எத்தனை குழாய் இணைப்பு, என்ன அளவு என்பதைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் சர்வீஸ் சார்ஜில் 10 சதவிகிதத்துக்கு மிகாமல் ஒரு தொகை. பாக்கிக்கு 21 சதவிகிதம் வரை தனிவட்டி போடலாம் என்று பைலாவில் இருக்கிறது. இதையெல்லாம் பழைய ஆள் மனக்கணக்காகவே செய்துவந்தார். தப்பாகச் செய்தார் என்று சொல்லவில்லை, சரியாகத்தான் செய்தார். ஆனால் சரிதான் என்று 47 வீட்டுக்காரருக்கும் தெரிய வழியில்லை.

நான் செய்தது ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு கூகுள் ஷீட். ஒவ்வொரு தலைப்புக்கும் மொத்தச் செலவு, பங்கீட்டு விதி, உங்கள் வீட்டுப் பங்கு. பில்லோடு அந்த லிங்க்கும் போகும். முதல் மாதம் யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது மாதம் ஏ விங்கில் ஒரு காகா, அதாவது பெரியவர், போன் செய்து, தன் வீட்டுக்கு நாலு குழாய் என்று போட்டிருக்கிறது, உள்ளதே மூன்றுதான் என்றார். போய்ப் பார்த்தேன், மூன்றுதான். பல வருஷமாக அவர் அந்த நாலாவது குழாய்க்குக் காசு கட்டிவந்திருக்கிறார். அன்றைக்கு அவர் என்னோடு சண்டை போடவில்லை, டீ கொடுத்தார். பழைய மாதிரி இருந்திருந்தால் "கமிட்டி திருடுகிறது" என்றுதான் பேச்சு ஓடியிருக்கும்.

பணம் வாங்குவதில் இன்னொரு தலைவலி, யுபிஐ. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பாங்க் ஸ்டேட்மென்ட்டில் "மெயின்ட்" என்று ஒரு வரி, ஒரு தொகை. அனுப்பியது பெங்களூரில் இருக்கும் மகளா, மருமகனா, குடியிருக்கும் வாடகைக்காரரா? மாதக் கடைசியில் பாதி நாள் துப்பறியும் வேலை. இதற்கு விலை உயர்ந்த சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டுக்கு ஒன்றாக மெய்நிகர் கணக்கு எண் கொடுக்கும் வசதி பாங்க்கிலேயே இருக்கிறது. ஏ-302-க்கு ஓர் எண், பி-504-க்கு ஓர் எண். யார் போனிலிருந்து வந்தாலும் அந்த வீட்டுக் கணக்கில் போய் உட்காரும். ட்ரெஷரராக இருக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துகொள்ளுங்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

பாக்கிதாரர் பெயரை ஷீட்டில் போடலாமா என்று கமிட்டியில் பெரிய வாக்குவாதம். நான் கூடாது என்ற கட்சி. மொத்த பாக்கி எவ்வளவு, அதில் மூன்று மாதத்துக்கு மேற்பட்டது எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியட்டும். எந்த வீடு என்பது ஏஜிஎம்முக்கு, அதாவது வருடாந்தரப் பொதுக்கூட்டத்துக்கு, போகும்போது போகட்டும். கணவர் போய், நாமினேஷன் தகராறில் பாங்க் கணக்கு முடங்கிக் கிடக்கும் வீடும் இதே பட்டியலில்தான் வரும். அதை வாட்ஸ்ஆப் குரூப்பில் சிவப்பு எழுத்தில் போடுவதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை இல்லை.

சரி, டாங்க்.

மும்பைக்காரனுக்கு ஜூன் மாதம் வந்தால் ஏரிக் கணக்கு தலைகீழ்ப் பாடம். மோடக் சாகர், தான்சா, விஹார், துளசி, மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாத்சா. ஏழும் நிரம்பினால் 14.47 லட்சம் மில்லியன் லிட்டர். இன்றைக்கு எத்தனை சதவிகிதம் என்று பேப்பரில் தினமும் வரும், டீக்கடையில் பேசுவார்கள். நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஏரியின் மட்டம் எல்லாருக்கும் தெரியும். காலுக்குக் கீழே இருக்கும் டாங்க்கின் மட்டம் தெரிய வேண்டுமானால் வாட்ச்மேன் இரும்பு மூடியைத் தூக்கி டார்ச் அடிக்க வேண்டும். "பானி கம் ஹை மேடம்", தண்ணீர் கம்மி என்பார். எவ்வளவு கம்? கையை இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவில் வைத்துக் காட்டுவார். அதுதான் எங்கள் டேட்டா.

தண்ணீர் பில் ஏறிக்கொண்டே போயிற்று. பிஎம்சி, அதாவது மும்பை மாநகராட்சியின் மீட்டர் கட்டடத்துக்கு ஒன்று. ஆள் கணக்குக்கு ஓர் அளவைத் தாண்டினால் கட்டணம் இரட்டிப்பு, மும்மடங்கு என்று ஏறும். கூடவே டாங்கர் செலவு. காரணம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கீழ் வீட்டுக்காரர்கள் கார் கழுவுகிறார்கள். பி விங்கில் பேயிங் கெஸ்ட் வைத்திருக்கிறார்கள். பிளம்பர், டாங்க் பழசாகிவிட்டது, மொத்தமும் இடித்துக் கட்ட வேண்டும் என்று எட்டு லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்.

பி விங்கில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். "ஆன்ட்டி, ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு சென்சர் வைக்கலாம்" என்றான். ஒலி அலையை அனுப்பி, தண்ணீர்ப் பரப்பில் பட்டு அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடும் சென்சர். காரில் பின்னால் போகும்போது கூவுமே, அந்தச் சாதி. அதை ஒரு சின்ன வைஃபை போர்டில் இணைப்பது. சொல்ல எளிது. முதல் தொல்லை, டாங்க் மூடிக்குக் கீழே வைஃபை எட்டாது, அதனால் போர்டைப் பம்ப் ரூமில் வைத்து ஒயரை மட்டும் இறக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, அந்தச் சென்சருக்கு முதல் 20 சென்டிமீட்டர் கண் தெரியாது. டாங்க் ததும்ப நிறைந்தால் கன்னாபின்னாவென்று காட்டும். மேன்ஹோல் கழுத்துக்குள் உயர்த்திப் பொருத்தினான். மூன்றாவது கரப்பான்பூச்சி. அது சென்சர் முன்னால் நடந்தால் டாங்க் ஒரு நொடியில் நிறைந்ததாக வரும். பத்து அளவு எடுத்து நடு அளவை மட்டும் வைத்துக்கொள்ளும்படி மாற்றினான். இதெல்லாம் எந்த ஸ்லைடிலும் இருக்காது.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. காலையில் கிராஃப் பார்ப்பது எனக்குக் காபியோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் பகுதிக்குத் தண்ணீர் விடியற்காலையில்தான் வரும். இரவு 11 மணிக்குப் பம்பை நிறுத்தினால் 4 மணி வரை உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. கோடு நேராகப் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. மெதுவாக, சீராக இறங்கியது. ஐந்து மணி நேரத்தில் 4 சென்டிமீட்டர். டாங்க் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆக 960 லிட்டர். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 4,600 லிட்டர், கிட்டத்தட்ட அரை டாங்கர். யாரும் கார் கழுவவில்லை. நிலம் குடித்துக்கொண்டிருந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து வந்தது. சப்ளை குறைந்த ஒரு நாள், டாங்க் பாதிக்கும் கீழே போன இரவில் கோடு நேராகிவிட்டது. இறங்கவே இல்லை. பையன் பழைய இரவுகளின் கோடுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தான். தரையிலிருந்து 1.1 மீட்டருக்கு மேலே தண்ணீர் இருந்தால் மட்டும் இறக்கம். அதற்குக் கீழே இல்லை. அப்படியென்றால் ஓட்டை எங்கே என்று டாங்க்கே சொல்லிவிட்டது. அந்த உயரத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு பம்புக்குப் போகும் குழாய் ஒன்றுதான் இருக்கிறது. பிளம்பரை அழைத்து அந்த இடத்தை மட்டும் திறக்கச் சொன்னோம். குழாயைச் சுற்றிப் பூசிய சிமென்ட் பொடியாக உதிர்ந்தது. டாங்க்கைக் காலி செய்து, சுத்தம் செய்து, அடைத்து, ஆற விட்டு, மறுபடி நிரப்பியது வரை எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் தொகையில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. எட்டு லட்சம் கேட்ட பிளம்பர்தான் அடைத்தும் கொடுத்தார். அவர் மேல் கோபமில்லை; அவருக்கும் வேறு வழியில் தெரிந்திருக்காது.

2024 ஜூனில் பிஎம்சி 10 சதவிகிதம் தண்ணீரைக் குறைத்தபோது இந்த கிராஃப் இன்னொரு விதத்தில் உதவியது. பம்ப் போடும் நேரத்தை மாற்றலாமா என்பது அதுவரை குரல் பலத்தால் முடிவாகும் விஷயம். இந்த முறை எல்லாரும் ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். காலை ஒரு மணி நேரம், மாலை முக்கால் மணி நேரம் என்று முடிவாயிற்று. சண்டை இருந்தது. ஆனால் யார் பொய் சொல்கிறார்கள் என்ற சண்டை இல்லை.

கிராஃபைப் பார்த்த உற்சாகத்தில் இளைஞர்கள் சிலர் வீட்டுக்கு வீடு மீட்டர் போடலாம் என்றார்கள். புதுக் கட்டடத்தில் சரி. எங்கள் மாதிரிப் பழைய கட்டடத்தில் மேல் டாங்க்கிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், இந்த பாத்ரூமுக்கு ஒன்று, அந்த பாத்ரூமுக்கு ஒன்று என்று தனித்தனியாக இறங்கும். ஒரு வீட்டுக்கு மூன்று மீட்டர், 48 வீட்டுக்கு 144. வாங்கும் காசு ஒரு பக்கம், அத்தனையையும் யார் ரிப்பேர் பார்ப்பது? கைவிட்டோம். கைவிட்டதற்கு வருத்தமில்லை.

லிஃப்ட் கதை சின்னது. பி விங் லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது, புதுசு போட வேண்டும் என்று தீர்மானம் வருவதாக இருந்தது. வாட்ச்மேன் நோட்டில் எத்தனையோ வருஷத்துப் பதிவு கிடந்தது: தேதி, எந்த மாடியில் நின்றது, மெக்கானிக் வந்து என்ன செய்தார். ஒரு வாரம் உட்கார்ந்து டைப் அடித்தேன். மாத வாரியாகப் பிரித்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் குவியல். டிசம்பர், ஜனவரியில் அநேகமாக ஒன்றுமில்லை. மழைத் தண்ணீர் லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் கீழே இருக்கும் ஸ்விட்சுகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. குழிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்தோம். அதே லிஃப்ட் இன்னும் ஓடுகிறது. மெக்கானிக்குக்கு இது தெரியாமலா இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, போகட்டும்.

ஒழுகலுக்கும் அதே மாதிரி. ஒவ்வொரு மழைக்கும் வரும் புகாரைத் தேதிவாரியாக எழுதி வைத்தால் அது வெறும் புலம்பல் பட்டியல். கட்டடத்தின் முகப்பை ஷீட்டில் கட்டம் போட்டு, எந்த வீட்டில் எந்த அறை என்று நிறம் அடித்தால் 203, 303, 403 ஒன்றன் கீழ் ஒன்றாகச் சிவப்பாக நிற்கும். மூன்று வீட்டுக்காரரும் மேல்வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஓடும் வடிகால் குழாய்தான் காரணம். மகாராஷ்டிரத்தில் 30 வருஷம் தாண்டிய கட்டடத்துக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஸ்ட்ரக்சுரல் ஆடிட், அதாவது கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கும் ஆய்வு, செய்ய வேண்டும். இன்ஜினியர் வரும்போது இந்தக் கட்டத்தையும் போன ஆடிட் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கையில் கொடுத்தால் அவர் நேராகச் சிவப்பாக நிற்கும் இடத்துக்குப் போவார். போன ரிப்போர்ட்டைத் தேடுவதுதான் பெரும்பாடு. முந்தைய செக்ரட்டரியின் சொந்த ஈமெயிலில் அது கிடக்கும், அவர் பாஸ்வேர்டை மறந்திருப்பார். சொசைட்டி பெயரில் ஒரு ஈமெயில், அதன் கீழ் ஒரு டிரைவ், பாஸ்வேர்ட் மூன்று பேரிடம். இதைத் தீர்மானமாகவே போட்டு மினிட்ஸில் ஏற்றிவிட்டோம்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த ஷீட். சிங்கிங் ஃபண்ட், அதாவது பின்னால் வரும் பெரிய செலவுகளுக்காகச் சேர்த்து வைக்கும் நிதி.

பைலா என்ன சொல்கிறது? வருஷத்துக்குக் கட்டுமானச் செலவில் குறைந்தது 0.25 சதவிகிதம் ஒவ்வொரு வீட்டிலும் வசூலிக்க வேண்டும். எந்தக் கட்டுமானச் செலவு? கட்டின காலத்தில் ஆன செலவு, நிலத்தின் விலை சேராமல். எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு அது சுமார் ஒரு லட்சம். ஆக வீட்டுக்கு வருஷம் 250 ரூபாய், 48 வீட்டுக்கு 12,000. ஒரு புது லிஃப்டுக்கு 15 லட்சம் என்று கொட்டேஷன் வந்திருந்தது. வட்டியை விட்டுவிட்டால் இந்த வேகத்தில் ஒரு லிஃப்ட் வாங்க 125 வருஷம் சேர்க்க வேண்டும். பல பழைய சொசைட்டிகள் இந்தக் குறைந்தபட்சத்தை அப்படியே வசூலித்துக்கொண்டு, "நம் சொசைட்டியில் மெயின்டனன்ஸ் கம்மி" என்று பெருமைப்படுகின்றன.

நான் ஒரே பக்கத்தில் பத்து வருஷத்தைப் போட்டேன். மேலே வருஷங்கள். கீழே வரிவரியாக லிஃப்ட், மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங், வெளிப்பூச்சு, வடிகால் குழாய், பம்ப், மெயின் கேபிள். ஒவ்வொன்றும் எந்த வருஷம் வரும், இன்றைய விலையில் எவ்வளவு. கடைசி வரியில் கையில் இருக்கும் ஃபண்ட். நாலாவது வருஷத்தில் அந்த வரி சிவப்பாகிறது. ஏஜிஎம்மில் புரொஜெக்டரில் அதைப் போட்டதும், முன்பெல்லாம் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் ஏற்றினாலே எழுந்து நிற்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒருவர், "மேடம், அஞ்சாவது வரியை ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டால் என்னாகும்?" என்றார். தள்ளிக் காட்டினேன். இன்னொருவர் மாதம் ஐநூறு ஏற்றினால் என்னாகும் என்றார். ஏற்றிக் காட்டினேன். கடைசியில் அவர்களே ஒரு தொகைக்கு வந்தார்கள். நான் மனசில் வைத்திருந்ததைவிட அது கொஞ்சம் குறைவு, ஆனால் ஒருவரும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை.

இதற்குமேல் பக்கத்துக் கட்டடங்களின் உதவி. எங்கள் சந்தில் இருக்கும் சொசைட்டி ட்ரெஷரர்கள் சேர்ந்து ஒரு பொது ஷீட் வைத்திருக்கிறோம். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், டாங்க் கழுவுவது, வாட்ச்மேன் ஒருவருக்கு 12 மணி நேரத்துக்கு ஏஜென்சி வாங்கும் தொகை, ஆடிட் ஃபீஸ். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஒரே கம்பெனி, ஒரே வகை லிஃப்ட், எங்களிடம் வருஷத்துக்கு 62,000, எதிர்க் கட்டடத்தில் 41,000. ஷீட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பேசிய ஆளுக்குப் பேச்சே வரவில்லை. மத்திய அரசு கூட்டுறவுக்கென்று 2021-ல் தனி அமைச்சகம் தொடங்கியது. 2024 மார்ச்சில் தேசியக் கூட்டுறவு டேட்டாபேஸும் வந்தது, நாடு முழுக்க 8 லட்சத்துக்கும் மேற்பட்ட சங்கங்களின் விவரத்தோடு. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு ட்ரெஷரருக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்யும் கேள்வி, நாட்டில் எத்தனை சங்கம் என்பதில்லை. எங்கள் வயசு, எங்கள் உயரம் உள்ள கட்டடங்கள் பெயின்ட் அடிக்கச் சதுர அடிக்கு என்ன கொடுத்தன என்பதுதான். சங்கங்கள் மேலே விவரம் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கீழே ஒன்றும் இறங்கி வருவதில்லை. பைலாவிலும் சட்டத்திலும் கரைகண்ட சொசைட்டி ஃபெடரேஷன்கள், அதாவது சங்கங்களின் கூட்டமைப்புகள், இந்த விலைப்பட்டியல் வேலையை எடுத்துச் செய்யலாம்.

கேட் ஆப்புக்கு வருகிறேன். ஒன்றை இலவசமாக ட்ரையல் போட்டுப் பார்த்தோம். எங்கள் வீட்டுக்கு வேலை செய்ய வரும் அம்மா, இங்கே மௌஷி என்போம், வாசலில் போட்டோ கொடுத்தார், ஆதார் நகல் கொடுத்தார், போன் நம்பர் கொடுத்தார். கொஞ்ச நாள் கழித்து என் போனில் அவர் பெயருக்கு நேரே நட்சத்திரங்கள். மூன்றரை. பக்கத்தில், எந்தெந்த வீட்டில் வேலை செய்கிறார், இன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார். யார் கொடுத்த மூன்றரை? ஒரு நாள் லீவு போட்டதற்காகவா? அவரிடம் காட்டினேன். "இதை நான் பார்க்க முடியாதா?" என்று கேட்டார். முடியாது, அவர் போனில் அந்த ஆப் இல்லை. எட்டு வீட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் பிழைப்பு ஒரு எண்ணில் இருக்கிறது, அந்த எண்ணைப் பார்க்க முடியாத ஒரே ஆள் அவர்தான். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. எதற்காக வாங்குகிறீர்களோ அதற்கு ஒப்புதல் வேண்டும், தேவை முடிந்தால் அழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேட்டில் நின்று போட்டோ கொடுத்தவரிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. ட்ரையல் முடிந்ததும் நாங்கள் நீட்டிக்கவில்லை. கேட்டில் பழைய நோட்டுத்தான். பாதுகாப்பு குறைந்துவிட்டது என்று இரண்டு வீட்டுக்காரர்கள் என்னிடம் இன்னும் பேசுவதில்லை.

எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் டெமோவின்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நாளைக்கு நாங்கள் விலகினால் எங்கள் கணக்கு எந்த வடிவில் கையில் கிடைக்கும்? பழைய ட்ரெஷரர் சொன்ன தொகையை வைத்து எங்களுக்கு முன்பு பில் அடித்துக் கொடுத்த கம்பெனி, விலகியபோது முழு லெட்ஜரையும் பிடிஎஃப்பாகக் கொடுத்தது, பக்கம் பக்கமாக. அதை மறுபடி ஷீட்டில் ஏற்ற நானும் என் தங்கையும் ஒரு தீபாவளி விடுமுறையைத் தின்றோம்.

ரீடெவலப்மென்ட், அதாவது பழைய கட்டடத்தை இடித்து பில்டர் மூலம் புதிதாகக் கட்டுவது பற்றிக் கேட்பீர்கள். செம்பூரில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் அந்தப் பேச்சுத்தான். நாங்கள் இன்னும் அங்கே போகவில்லை, ஆனால் தயாராக ஒன்று செய்திருக்கிறோம். எல்லா வீட்டையும் ஆர்க்கிடெக்ட் லேசர் கருவியால் அளந்து, பத்திரத்தில் உள்ள கார்ப்பெட் ஏரியாவுக்கு, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்புக்கு, பக்கத்தில் எழுதி, பால்கனியை மூடிக்கொண்ட வீடுகளைத் தனியாகக் குறித்து, அவரவர் எண்ணை அவரவரிடமே காட்டிக் கையெழுத்து வாங்கி வைத்தாயிற்று. பில்டர் வந்து ஆசை காட்டுவதற்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்; வந்த பிறகு அளந்தால் ஒவ்வொரு சதுர அடியும் சந்தேகம். 2019 ஜூலை அரசாணைப்படி 51 சதவிகித உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால் தீர்மானம் நிறைவேறும், கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். பில்டரின் பழைய ப்ராஜெக்ட் எத்தனை முறை தேதி தள்ளிப்போனது என்று மகாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேராவின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லை. பார்ப்பவர்கள் குறைவு. ப்ரோஷரில் நீச்சல் குளத்தைப் பார்ப்பவர்கள் அதிகம்.

இந்த வருஷ ஏஜிஎம் செப்டம்பர் 30-க்குள் நடந்தாக வேண்டும், 14 நாள் முன்னால் நோட்டீஸ். நோட்டீஸ் வாட்ஸ்ஆப்பில் போனாலும் போர்டிலும் ஒட்டுவோம், முதல் மாடி ஆஜி, அதாவது பாட்டி, ஸ்மார்ட்போனைத் தொடமாட்டார். அஜெண்டாவில் ஒன்பதாவது பார்க்கிங். இடம் 22, கார் 31. யாருக்கு எத்தனை கார், எந்த வருஷம் விண்ணப்பித்தார்கள், போன குலுக்கலில் யாருக்கு விழுந்தது என்று ஷீட் கச்சிதமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு சேர்மன், "எல்லாம் சரிதான், 31-ஐ 22-ல் எப்படி நிறுத்துவது, அதைச் சொல்லுங்கள்" என்றார். பார்க்கிங்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், அதற்குள் பாதிப் பேர் சமோசா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.